கடைசி இடத்தில் முடித்த அணியை அடுத்த சீசனுக்கும் வைத்துக்கொள்ளலாமா? வேலூர் வட்டாரக் கால்பந்துக் கிளப்புகளுக்கான கேள்வி பதில்

வேலூர், காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, அரக்கோணம் பக்கம் லீக் ஆடும் கிளப்புகளின் செயலாளர், மேனேஜர், கேப்டன் ஆகியோருக்காக எழுதப்பட்டது. சீசன் முடிந்த கையோடு கமிட்டியில் கிளம்பும் கேள்விகள்தான் இவை. கணக்குக்காக 22 பேர் கொண்ட அணி, எட்டு அணிகள், இரண்டு சுற்று, அணிக்கு 14 மேட்ச் என்று வைத்திருக்கிறோம். உங்கள் லீக் வேறு மாதிரி என்றால் எண்களை மாற்றிக்கொள்ளுங்கள்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்: வைத்துக்கொள்வதா, கலைப்பதா?

வைத்துக்கொள்ளுங்கள். 22 பேரில் ஐந்து ஆறு இடங்களை மட்டும் மாற்றுங்கள். எந்த ஐந்து ஆறு என்பதில்தான் வேலையே இருக்கிறது, இந்தப் பக்கத்தில் பெரும்பகுதி அதைப் பற்றித்தான்.

14 மேட்சில் இரண்டுதான் ஜெயித்தோம். இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்?

எப்படித் தோற்றீர்கள் என்ற ஆதாரம் வேண்டும். பெரிய லீக்குகளிலேயே ஏறக்குறைய பத்து ஷாட்டுக்கு ஒன்றுதான் கோலாகிறது. கோல் அவ்வளவு அரிதாக விழும் ஆட்டத்தில் 14 மேட்ச் என்பது சின்னக் கணக்கு. 0-1, 1-2 என்று பத்து முறை தோற்ற அணியும், 0-4, 1-5 என்று பத்து முறை தோற்ற அணியும் புள்ளிப் பட்டியலில் பக்கத்துப் பக்கத்தில்தான் நிற்கும். ஆனால் இரண்டுக்கும் மருந்து வேறு.

முதலில் ஒரு கோல் வித்தியாசத் தோல்விகளை மட்டும் தனியாக எண்ணுங்கள். தோல்விகளில் பாதிக்கு மேல் அப்படி என்றால், ஆட்கள் பெரும்பாலும் போதும். ஒன்றிரண்டு இடமும் பயிற்சியும்தான் பிரச்சினை. பாதிக்கு மேல் மூன்று கோல் வித்தியாசம் என்றால் நடுவில் ஓட்டை இருக்கிறது: கோலி, ஸ்டாப்பர் (கோலிக்கு முன்னால் நடுவில் நிற்கும் தடுப்பாளர்), சென்டர் ஹாஃப் (நடுக்கள ஆட்டக்காரர்) இந்த மூன்று இடத்தில் ஒன்றாவது சரியில்லை. அப்போதுகூட 22 பேரும் தப்பு என்று அர்த்தம் இல்லை.

எங்களிடம் வீடியோ எதுவும் கிடையாது. எதை வைத்துக் கணக்குப் போடுவது?

ஸ்கோர் ஷீட்டும் ஒரு நீள நோட்டும் போதும். வாங்கிய ஒவ்வொரு கோலுக்கும் ஒரு வரி. எத்தனையாவது நிமிடம், எப்படி விழுந்தது, அந்த நேரத்தில் ஸ்டாப்பர் இடத்தில் நின்ற இருவர் யார், அப்போது ஸ்கோர் என்ன. ‘எப்படி’ என்ற பத்தியில் ஐந்து வகைக்கு மேல் வைக்காதீர்கள்: கார்னர் அல்லது ஃப்ரீ கிக், பெனால்டி, நம் பாதியிலேயே பந்தைப் பறிகொடுத்தது, பேக்ஸ் தலைக்கு மேல் போட்ட பந்து, மற்றவை. கேப்டனும் மேனேஜரும் ஒரு சாயங்காலம் உட்கார்ந்தால் முடிந்துவிடும். கோலியைக் கட்டாயம் கூப்பிடுங்கள். அடித்த கோலை ஃபார்வர்டு ஊதிப் பெரிதாக்குவான், வாங்கிய கோலைக் கோலி மறக்க மாட்டான்.

பிறகு வாசிக்க வேண்டிய விதம் இது. கோல்களில் பெரும்பங்கு கடைசி 20 நிமிடத்தில் விழுந்திருந்தால், ஆட்களுக்கு மூச்சு போதவில்லை, அல்லது பெஞ்சில் ஆள் இல்லை. விதிப்படி ஐந்து மாற்று ஆட்டக்காரர்கள் வரை இறக்க அனுமதிக்கும் போட்டியில் 12 பேரோடு கிரவுண்டுக்கு வந்த அணி 70-வது நிமிடத்துக்குப் பிறகு நொறுங்குவதில் ஆச்சரியம் இல்லை. அதற்கு முதல் பதினொன்றை மாற்றிப் பயனில்லை, 12 முதல் 16 வரையுள்ள ஆட்களைத்தான் தேட வேண்டும்.

கார்னரிலும் ஃப்ரீ கிக்கிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாங்கியிருந்தால், புது ஆள் வேண்டாம். முதல் போஸ்ட்டில் யார், எதிரணியின் உயரமான ஆளை யார் பிடிப்பது, அடித்து வெளியேற்றிய பந்துக்கு பாக்ஸ் விளிம்பில் யார் என்று பெயர் எழுதி ஒட்டி, வாரம் இரண்டு முறை 20 நிமிடம் அதை மட்டும் ஆடினால் சரியாகும் விஷயம் அது. இதைச் செய்யாமல் உயரமான ஸ்டாப்பரைத் தேடி ஊர் ஊராகப் போகிறார்கள்.

பேக்ஸ் தலைக்கு மேல் போட்ட பந்தில் அதிகம் விழுந்திருந்தால் அந்த ‘ஸ்டாப்பர் இருவர்’ பத்தியைப் பாருங்கள். 14 மேட்சில் ஆறு ஏழு ஜோடி மாறியிருந்தால் ஆஃப் சைடு லைன் எப்படிச் சேர்ந்து நிற்கும்? ஒருவன் ஏறுவான், இன்னொருவன் நிற்பான், நடுவில் பந்து போகும். ஒரே ஜோடி பத்து மேட்ச் ஆடியும் இப்படி விழுந்தால்தான் வேகக் குறை என்று முடிவு கட்டலாம்.

நம் பாதியிலேயே பந்தைப் பறிகொடுத்த கோல்கள்தான் அதிகம். ஹாஃப்பை மாற்றிவிடலாமா?

கிரவுண்டைப் பார்த்துவிட்டு மாற்றுங்கள். நம் பக்கத்து மைதானங்களில் பல, புல் இல்லாத கெட்டித் தரை. சித்திரை வைகாசியில் தட்டினால் ‘டங்’ என்று கேட்கும். அதில் கீழே உருட்டும் பாஸ் கல் பட்டு எகிறும். நல்ல ஹாஃப்கூட மோசமாகத் தெரிவான். பந்தின் காற்றையும் பாருங்கள். விதிப்படி 8.5 முதல் 15.6 பி.எஸ்.ஐ. வரை இருக்கலாம். கெட்டித் தரையில் மேல் அளவுக்கு அடித்தால் ரப்பர் பந்து போலத் துள்ளும். பந்து உங்கள் பொறுப்பு என்றால் 9, 10-இல் நிறுத்தி, ஒரு சின்னக் கேஜ் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பது அளவு ஆகாது. இரும்பு ஸ்டட் பூட்ஸையும் அந்தத் தரையில் போட விடாதீர்கள். தரையில் இறங்காத ஸ்டட்டில் வழுக்கி விழுவார்கள், கணுக்கால் போகும். சின்னச் சின்ன ரப்பர் ஸ்டட் நிறைய உள்ள டர்ஃப் பூட்ஸ்தான் சரி.

ஆட்டம் வந்த அன்று பாதிப் பேர் வருவதே இல்லை. இவர்களை ஏன் வைத்திருக்க வேண்டும்?

நம் வட்டாரத்தில் கடைசி இட அணிகளுக்குப் பொதுவான வியாதி இது. ‘அணி சரியாக ஆடவில்லை’ என்கிறோம், தாளைப் பார்த்தால் அந்த அணி சேர்ந்து ஆடியதே கிடையாது.

14 மேட்ச், 90 நிமிடம் என்றால் ஒருவர் ஆடக்கூடிய மொத்தம் 1260 நிமிடம். பாதிக்கு 35 நிமிடம் ஆடும் லீக்கில் 980. ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே ஆடிய நிமிடத்தை எழுதுங்கள். மொத்தத்தில் 70 சதவீதத்துக்கு மேல், அதாவது 1260-க்கு சுமார் 880 நிமிடம், ஆடியவர்கள் எத்தனை பேர்? ஏழெட்டுப் பேர் இருந்தால் உங்களிடம் அணி இருக்கிறது. மூன்று நான்கு பேர்தான் என்றால் திறமையைப் பற்றிய எந்தத் தீர்ப்பும் இப்போது செல்லாது.

குறைவாக ஆடியவர்களை ஒரே கூடையில் போடாதீர்கள். வராத காரணத்தைப் பக்கத்திலேயே குறியுங்கள். ராணிப்பேட்டை சிப்காட், ஆம்பூர் ஷூ கம்பெனி ஆட்களுக்கு ஷிப்ட் பிரச்சினை. ஷிப்ட் பட்டியலை முன்கூட்டி வாங்கி மேட்ச் அட்டவணையோடு ஒப்பிட்டால் எந்தெந்த மேட்சுக்கு இருக்க மாட்டார் என்று முன்பே தெரியும், அந்த இடத்துக்கு மட்டும் மாற்று ஆள் வைத்தால் போதும். கல்லூரி மாணவனுக்கு ஏப்ரல், நவம்பர் செமஸ்டர், பிளஸ் டூ பையனுக்கு மார்ச். இதுவும் காலண்டரில் தெரிவதுதான். காயம் என்றால் என்ன காயம், எத்தனை முறை என்று கேளுங்கள். ஒரே தொடைத் தசை மூன்று முறை இழுத்திருந்தால் அவன் ஆறாமலேயே திரும்பி வந்திருக்கிறான். இந்த மூன்று வகையினரும் இருக்கட்டும்.

நான்காவது வகை, காரணம் சொல்லாமல் வராதவர், முதல் பதினொன்றில் பெயர் இல்லை என்று தெரிந்ததும் பைக்கைத் திருப்புபவர். கால் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இவர்தான் வெளியே போக வேண்டிய முதல் ஆள். நீங்கள் தேடும் ஐந்து ஆறு இடங்களில் பாதி இங்கேயே கிடைத்துவிடும்.

ஃபார்வர்டு சீசன் முழுக்க ஒரே கோல் அடித்தான். அவனையுமா?

எத்தனை ஷாட் அடித்தான் என்று சொல்லுங்கள். பாக்ஸுக்குள் இருந்து, அதாவது 16.5 மீட்டர் கோட்டுக்குள் இருந்து, மேட்சுக்கு இரண்டு மூன்று முறை அடிக்கும் இடத்துக்கு வருகிறவன் என்றால் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த வருடம் விழும். 14 மேட்சில் மொத்தமே ஆறு ஷாட் என்றால் அவன் மேல் குற்றமா, அவனுக்குப் பந்து வரவில்லையா என்று விங்கைப் பாருங்கள். பெனால்டி கோல்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள். நான்கில் மூன்று எப்படியும் உள்ளே போகும்.

மொத்தமாகக் கலைத்துப் புது அணி போட்ட கிளப்புகள் மேலே வந்ததில்லையா?

வந்தவை உண்டு, ஆனால் கையைச் சுட்டுக்கொண்டவையும் நிறைய. இங்கிலாந்தில் ஃபுல்ஹாம் 2018-இல் பிரீமியர் லீக்குக்கு ஏறியதும் நூறு மில்லியன் பவுண்டுக்கு மேல் செலவழித்துப் பத்துக்கு மேற்பட்ட புது ஆட்களை இறக்கியது. 26 புள்ளியோடு அதே சீசனில் கீழே இறங்கியது. பின்வரிசை வாராவாரம் மாறிக்கொண்டே இருந்தது.

எதிர் உதாரணம் லெஸ்டர் சிட்டி. 2014-15 சீசனில் 29 மேட்சுக்குப் பிறகு 19 புள்ளி, கடைசி இடம். மிச்சம் ஒன்பதில் ஏழை ஜெயித்து 41 புள்ளியோடு 14-வது இடத்தில் தப்பித்தது. ஷ்மைக்கேல், மார்கன், டிரிங்க்வாட்டர், மஹ்ரெஸ், வார்டி எல்லோரையும் வைத்துக்கொண்டு, கான்டே, ஒகசாகி, ஃபுக்ஸ் என்று தேவையான இடத்துக்கு மட்டும் ஆள் எடுத்தார்கள். கோச்சும் மாறினார். அடுத்த வருடம் 81 புள்ளி, சாம்பியன்.

நம் பக்கத்து உதாரணம் வேண்டுமென்றால் சென்னையின் எஃப்.சி. 2018-19-இல் 18 மேட்சில் இரண்டே ஜெயம், 9 புள்ளி, ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) பட்டியலில் கடைசி. இந்திய ஆட்டக்காரர்களில் அனிருத் தாப்பா, ஜெர்ரி போன்றவர்களை விடவில்லை. வெளிநாட்டு ஆட்களைத்தான் பெரும்பாலும் மாற்றினார்கள். வால்ஸ்கிஸ், கிரிவெல்லாரோ வந்தார்கள். அப்படியும் சீசன் தொடக்கம் மோசம். டிசம்பரில் ஓவன் கோய்ல் கோச்சாக வந்த பிறகுதான் ஏறினார்கள். நான்காம் இடம், இறுதிப் போட்டி, வால்ஸ்கிஸுக்கு 15 கோல். எலும்பை வைத்துக்கொண்டு சதையை மாற்றியதாகச் சொல்லலாம்.

அப்படியானால் கோச்சை மாற்றினால் போதுமா?

சில சமயம். வழக்கத்துக்கு மீறி அடி வாங்கிய அணி, யாரையும் மாற்றாமல் இருந்தாலும் அடுத்த முறை கொஞ்சம் ஏறத்தான் செய்யும். அந்த ஏற்றத்தின் பெயர் புதிதாக வந்தவருக்குப் போகும். கோச்சை எடைபோட ஒரே கேள்வி: மேலே சொன்ன நோட்டில் ஒரே வகை கோல் சீசன் முதல் பாதியிலும் இரண்டாம் பாதியிலும் அதே அளவு விழுந்திருக்கிறதா? கார்னர் கோல் ஜூலையிலும் விழுந்து அக்டோபரிலும் விழுந்தால் நடுவில் யாரும் அதற்குப் பயிற்சி கொடுக்கவில்லை.

ஐந்து ஆறுக்கு மேல் ஏன் மாற்றக்கூடாது?

வாரத்துக்கு இரண்டு நாள், நாளுக்கு ஒன்றரை மணி நேரம் பயிற்சி நடக்கும் கிளப்பில் எட்டு வாரத்துக்கு 24 மணி நேரம்தான் கிடைக்கும். அதில் நான்கு பேக்ஸும் கோலியும் ஒருவரை ஒருவர் புரிந்துகொள்ளவே பாதி போய்விடும். தொழில்முறை அணிக்கு அது ஒன்றிரண்டு வார வேலை, நமக்கு நான்கு வாரம். அதனால் ஒரே வரிசையில் இரண்டு பேருக்கு மேல் ஒரே சமயத்தில் மாற்றாமல் இருப்பது நல்லது. கோலியையும் ஸ்டாப்பர் இருவரையும் சேர்த்து மாற்றுவதுதான் இருப்பதிலேயே ஆபத்தான முடிவு.

கிளப்பை ஆரம்பித்த அண்ணன் இன்னும் ஆடுகிறார். 36 வயது. வாயைத் திறந்து யார் சொல்வது?

கேப்டனும் செயலாளரும் வீட்டுக்கே போய்ச் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப் குரூப்பில் லிஸ்ட் போட்டுத் தெரிய வைப்பது கிளப்பை உடைக்கும் வழி. போகும்போது அந்த நிமிடக் கணக்கைக் கொண்டுபோங்கள். ‘அண்ணா, நீங்க வேண்டாம்’ என்று ஆரம்பிக்காமல் வேலையைச் சொல்லி ஆரம்பியுங்கள்: கடைசி 20 நிமிடம் லீடைக் காக்க இறங்குவது, பின்வரிசைப் பையன்களுக்குப் பயிற்சி, பெஞ்சில் மாற்று ஆள் முடிவு. பெரும்பாலான அண்ணன்கள் மனதுக்குள் இதற்காகத்தான் காத்திருப்பார்கள். சிலர் கோபித்துக்கொண்டு பக்கத்து கிளப்புக்குப் போவார்கள்; போகட்டும், வருத்தம் இல்லாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து அனுப்புங்கள்.

சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ கெஸ்ட் பிளேயர் எடுக்கலாமா?

லீக்குக்கு அநேகமாக வேண்டாம். ஏழு பேர் ஆடும் செவன்ஸ் போட்டிக்கு இரண்டு நாள் ஆள் பிடிப்பது வேறு, 14 வாரம் ஒருவரை வரவழைப்பது வேறு. காட்பாடி சென்னை–பெங்களூர் லைனிலேயே இருப்பதால் வந்து போவது சுலபம் என்று தோன்றும். ரயில் செலவு, சாப்பாடு, மேட்ச் ஃபீஸ் மூன்றையும் கூட்டி 14-ஆல் பெருக்கிப் பாருங்கள். அந்தத் தொகையில் உள்ளூர் அணிக்குப் பூட்ஸ், பந்து, பிசியோ எல்லாம் முடிந்துவிடும். தவிர, பயிற்சிக்கு வராமல் ஞாயிறு காலை மட்டும் வந்து இறங்குகிறவருக்காக வாரம் முழுக்க ஓடிய பையன் பெஞ்சில் உட்கார்ந்தால், அடுத்த வாரம் அவன் வர மாட்டான். விதிவிலக்கு கோலி மட்டும். நல்ல கோலி உள்ளூரில் இல்லவே இல்லை என்றால் செலவழிக்கலாம்.

புது ஆட்களைத் தேர்வு செய்ய ஒரு நாள் டிரையல்ஸ் போதாதா?

போதாது. ஒரு நாள் டிரையல்ஸில் ஜெயிப்பவன் பந்து ஆட்டுகிறவன். இடத்தில் நிற்கத் தெரிந்த பேக் கண்ணுக்கே படமாட்டான். ஒரு வாரம் இடைவெளியில் மூன்று நாள் வையுங்கள். வரிசையில் நிறுத்திக் கோல் அடிக்கச் சொல்லிப் பார்க்காதீர்கள், அது எதையும் சொல்லாது. 40-க்கு 30 மீட்டர் அளவில் கோன் வைத்து, நாலுக்கு நாலு, ஆறு நிமிட ஆட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் அணியைக் கலைத்து மாற்றுங்கள். யார் சேர்ந்தாலும் ஜெயிக்கிற ஒருவன் இருப்பான், அவன்தான் வேண்டும். மார்பில் எண் போட்ட பிப் (மேலே போடும் பனியன்), இரண்டு பார்வையாளர்கள், தனித்தனித் தாள். பார்த்து முடிக்கும்வரை இருவரும் பேசிக்கொள்ளக் கூடாது. பந்தை இழந்த பிறகு ஐந்து நொடி என்ன செய்கிறான் என்பதற்குத் தனிப் பத்தி வையுங்கள். மூன்றாம் நாள் முழு கிரவுண்டில், பழைய ஆட்களோடு கலந்து ஒரு மேட்ச்.

பதிவில் எங்கே மாட்டுவோம்?

பெயரில். அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் சி.ஆர்.எஸ். ஆன்லைன் பதிவில் பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் ஒத்துப்போக வேண்டும். நம் பையன்களுக்கு இனிஷியல் ஒன்றில் முன்னால், இன்னொன்றில் பின்னால், மூன்றாவதில் அப்பா பெயர் முழுசாக இருக்கும். ஆதாரைத் திருத்தி வாங்கும் வேலையைக் கடைசித் தேதிக்கு ஒரு மாதம் முன்பே முடியுங்கள். வேறு கிளப்பில் பெயர் இருப்பவர் அங்கிருந்து முறையாக மாறி வந்தாரா என்று பாருங்கள். ஒரு சீசனில் ஒருவர் மூன்று கிளப்புக்கு மேல் பதிய முடியாது, அதிலும் இரண்டு கிளப்புக்கு மட்டுமே அதிகாரப்பூர்வ மேட்ச் ஆடலாம் என்பது ஃபிஃபா விதி.

2019-இல் வேலூர் மாவட்டம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரிந்தது. ஆற்காட்டுப் பையன் வேலூர் கிளப்பில் ஆடுவது பழக்கம்தான் என்றாலும், மாவட்ட அணித் தேர்வுக்கு அவன் எந்த மாவட்டம் என்பதைச் சங்கத்தில் முன்பே கேட்டு வையுங்கள்.

வைத்துக்கொண்ட அணியை எப்போது ஓட வைப்பது?

முதல் மேட்சுக்கு எட்டு வாரம் முன்பு. மே மாதம் என்றால் காலை 6-க்கு ஆரம்பித்து 7.30-க்கு முடியுங்கள், வேலூர் வெயிலில் எட்டு மணிக்கு மேல் ஓட வைப்பது பயிற்சி ஆகாது. 15, 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஆளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர். ஃபிஃபா 11+ வார்ம் அப்பை வாரம் இரண்டு முறை தவறாமல் செய்யுங்கள்: 15 பயிற்சிகள், 20 நிமிடம், கருவி எதுவும் வேண்டாம். காயத்தை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது. 22 பேர் அணிக்கு அது இரண்டு புது ஆள் எடுத்ததற்குச் சமம். நம் ஆட்கள் இதில் இரண்டு நிமிடம் ஓடிவிட்டு நேராகப் பந்தைத் தொடுவார்கள். தொடையின் பின்பக்கத்துக்கான பயிற்சியைத்தான் முதலில் விடுவார்கள், அடிக்கடி இழுப்பதும் அதேதான்.

எத்தனை ஜூனியர்களைச் சேர்க்கலாம்?

நான்கு பேர் வரை. ஆனால் பெயருக்குப் பெஞ்சில் உட்கார வைப்பதாக இருந்தால் ஒருவரும் வேண்டாம். ஒவ்வொருவருக்கும் சீசனில் குறைந்தது 300 நிமிடம் என்று முன்பே எழுதி வையுங்கள்.

முடிவை எப்போது அறிவிக்க வேண்டும்?

கடைசி மேட்ச் அன்று இரவு கூடாது. அன்று பேசுவதெல்லாம் அந்த ஒரு மேட்சைப் பற்றித்தான் இருக்கும். ஒரு வாரம் விடுங்கள், இரண்டாம் வாரம் நோட்டு, மூன்றாம் வாரம் ஆட்களோடு நேரில் பேச்சு. போக வேண்டியவருக்கு முதலில் சொல்லுங்கள். வேறு கிளப் தேட அவருக்கு நேரம் வேண்டும். பதிவு முடியும் வரை இழுத்தடித்து, ‘பார்க்கலாம்’ என்று சொல்லி நிறுத்தி வைத்து, பிறகு விடுவது கிளப்புகள் செய்யும் அநியாயங்களில் முதன்மையானது. இருப்பவர்களுக்கும் ஏன் இருக்கிறார்கள், அடுத்த வருடம் எந்த இடம், எத்தனை நிமிடம் எதிர்பார்க்கிறோம் என்று சொல்லிவிடுங்கள்.

விட்ட ஆள் எதிரணியில் சேர்ந்து நமக்கே கோல் அடித்தால்?

அடிப்பான். கமிட்டியில் ஒரு வாரம் சத்தம் இருக்கும். அவன் அந்த அணிக்கு எத்தனை மேட்ச் வந்தான் என்று சீசன் முடிவில் எண்ணிப் பாருங்கள், அதற்கு முன் எதுவும் பேச வேண்டாம்.